கழுதை தின்ற மாலை

பாப்பாமோட்டை
21.01.2024

நிறஞ்சலா,

நிறா எண்டு எழுதத்தான் கை போனது. எழுதேல்ல.

உன்ட நம்பரை ப்ளொக் பண்ணி வைச்சிருக்கிறன். அதை எடுக்கப் போறதும் இல்லை. போனில கதைச்சா நான் கத்துவன், நீ அழுவாய், கடைசியில நான்தான் உன்னைத் தேற்ற வேண்டி வரும். பள்ளிக்கூடக் காலத்தில இருந்து அப்பிடித்தானே நடந்தது. அதாலதான் கடிதம். கொழும்பு விலாசத்தை உன்ட அம்மாவிட்ட வாங்கினனான். "அவளின்ட அல்பத்துக்கு வாழ்த்து அனுப்பப் போறியோ பிள்ளை?" எண்டு கேட்டா. ஓம் எண்டனான்.

வெள்ளிக்கிழமை கந்தோரில வேலை முடிஞ்சு யாழ்ப்பாணம் போற பஸ்ஸில வீட்டை வந்துகொண்டிருந்தன். பாலம் தாண்டினதும் ட்ரைவர் சத்தத்தைக் கூட்டிவிட்டான். அந்தப் பழைய டிஸ்கோ அடி, அதுக்கு மேல உன்ட குரல். எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. பக்கத்தில இருந்த அக்காவிட்ட, "இது என்னோட ஒரே குறூப்பில பாடின பிள்ளை அக்கா, பள்ளிமுனை. தனியப் பாடி விட்ட முதல் அல்பம் இது" எண்டு பெருமையாச் சொன்னனான். அவ காதைக் குடுத்துக் கேட்டா. நானும் கேட்டன்.

மாலை ரெண்டு வாங்கிவந்தாள்
மன்னார் பஸ் ஸ்ராண்டிலே
மாப்பிள்ளையைக் காணேல்லை
கழுதை வந்து நிண்டது

கழுதை பைக்குள்ள தலையை விட்டு மாலையைத் தின்னுற இடத்தில அந்த அக்கா விழுந்து விழுந்து சிரிச்சா. முன் சீற்றில இருந்த பெடியள் கழுதை மாதிரிக் கத்தினாங்கள். அக்கா என்ட முகத்தைப் பார்த்தா. நானும் சிரிச்சன். வேற என்ன செய்யிறது?

உன்ட அண்ணனோட கொழும்புக்குப் போய்க் கலியாண எழுத்து எழுதுறதெண்டு, வீட்டுக்குத் தெரியாமல் நான் பஸ் ஸ்ராண்டில நிண்டது ஆருக்குத் தெரியும்? எனக்கு. வராமல் விட்ட ஜெனோஜனுக்கு. பிறகு உனக்கு. பள்ளிமுனையில உன்ட அப்பா யாகப்பர் மாமான்ட வள்ளத்தில சாய்ஞ்சுகொண்டு உனக்குச் சொன்னனான். நீ என்ட கையைப் பிடிச்சு, "மாதா மேல சத்தியம் கிருஷி, இது என்னோட சாகும்" எண்டனீ. அது சாகேல்ல. பஸ்ஸில ஓடுது.

ஆவணியில எனக்குக் கலியாணம். மாப்பிள்ளை அனோஜன், அடம்பனில வாத்தியார். அவருக்கோ அவரின்ட ஆக்களுக்கோ இதைப் பற்றி ஒரு சொல்லும் தெரியாது. அந்தப் பாட்டை அல்பத்தில இருந்து எடு. எப்பிடி எடுக்கிறதெண்டு உனக்குத்தான் தெரியும்.

இன்னொண்டு. நேற்று முழுக்க இதைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். நான் காத்து நிண்டதும் திரும்பி வந்ததும்தான் உனக்குச் சொன்னனான். கழுதையைப் பற்றி நான் ஒருதருக்கும் சொல்லேல்ல, உனக்கும்தான். சொல்ல வெக்கமாக் கிடந்தது. அது உனக்கு எப்பிடித் தெரியும்?

கிருஷிகா


கொட்டாஞ்சேனை
04.02.2024

என்ட கிருஷி,

நீ நிறஞ்சலா எண்டு எழுதினாலும் நான் கிருஷி எண்டுதான் எழுதுவன். கடிதத்தைக் கண்ட உடனே உன்ட எழுத்தெண்டு தெரிஞ்சிட்டுது. சந்தோசத்தில வாசலிலயே நிண்டு உடைச்சனான். பிறகு படியில இருந்திட்டன்.

எடி, அது ஒரு பாட்டு. அதில உன்ட பேர் இல்லை, பாப்பாமோட்டை எண்டும் இல்லை, அண்ணான்ட பேர் இல்லை. பஸ் ஸ்ராண்டில நிண்ட ஒரு பெட்டை, அவ்வளவுதான். கழுதை விசயம் உன்ட எண்டு எனக்குத் தெரியவே தெரியாது. பஸ் ஸ்ராண்டில கச்சான் கடலை விக்கிற றாபியா ராத்தா ஒருநாள் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னவ, ஆரோ ஒரு பிள்ளையின்ட மாலையைக் கழுதை திண்டதெண்டு. நான் அதையும் இதையும் சேர்த்தனான். பாட்டெண்டா அப்பிடித்தானே. இப்ப நீ சொல்லித்தான் ரெண்டும் ஒண்டெண்டு எனக்குத் தெரியும். என்னை நம்பு.

இந்த அல்பம் எப்பிடி வந்ததெண்டு உனக்கு ஆரும் சொன்னவையோ? இசை போடுற முபீன் ஒரு பழைய ட்றம் மிசினைத் தேடி வாங்கிக்கொண்டு வந்தவர், எங்கட அம்மாக்கள் குமரா இருந்த காலத்து மிசின். அதில அடிச்சா நெஞ்சில இடிக்கும். எனக்கு மினுங்கிற சட்டை, மேல கண்ணாடிப் பந்து, சுத்தி வர வெளிச்சம். எட்டுப் பாட்டு முடிஞ்சுது. எல்லாம் ஆரோ எழுதின சொல்லு, ராவு, வெளிச்சம், காதல் எண்டு. முபீன் கேட்டுப்போட்டு, "குரல் இருக்கு, ஆள் இல்லை. உனக்கு நடந்தது ஒண்டைப் பாடு" எண்டார். எனக்கு என்ன நடந்தது கிருஷி? பாடினனான், சாப்பிட்டனான், படுத்தனான். எனக்குத் தெரிஞ்ச ஒரே கதை உன்ட கதைதான்.

அல்பத்துக்கு "ஒற்றைக் குரல்" எண்டு பேர் வைச்சது நான்தான். ஏன் தெரியுமோ? முபீன் முதல் முதல் எங்களைப் பாடிக் காட்டக் கூப்பிட்ட அண்டைக்கு நீ வரேல்ல. சுகமில்லை எண்டு ஒரு மெசேஜ். கீபோட் அடிக்கிற அண்ணாவும் வரேல்ல. "முத்து டிஸ்கோ குறூப் எண்டீங்கள், மற்ற ஆக்கள் எங்க?" எண்டு அவர் கேக்க, நான் தனிய நிண்டு உன்ட குரலையும் சேர்த்துப் பாடினனான். நடுங்கி நடுங்கி. நீ அதை ஒருநாளும் கேக்கேல்ல. உன்னை விட்டிட்டு வந்தவள் எண்டுதான் ஊர் முழுக்கக் கதை. ஆர் ஆரை விட்டது?

பாட்டை எடுக்க ஏலாது. அது இப்ப கொம்பனியின்ட. கனடாவில இருந்து ஆக்கள் ஆடி ஆடி வீடியோ போடுகினம். ஆனா இதுக்கு மட்டும் நான் சத்தியம் பண்ணுவன். சித்திரை வருசம் கழிய மன்னார் ரவுணில எனக்கு மேடை. சொந்த ஊரில தனியப் பாடுற முதல் மேடை. அதில அந்தப் பாட்டைப் பாடமாட்டன். நீ வா. உன்னை முன்னால இருத்திப்போட்டு மிச்ச எட்டையும் பாடுறன்.

அண்ணா கட்டாரில. எனக்குக் கோல் எடுக்கிறது குறைவு. அவர் ஒரு கோழை, அவரை மறந்திடு.

உன்ட
நிறா


பாப்பாமோட்டை
25.02.2024

நிறா,

பார், பழக்கத்தில எழுதிப்போட்டன். கிடக்கட்டும்.

வயல் வெட்டு நடக்குது. கந்தோரிலயும் சனம், வீட்டிலயும் சனம். அதால பிந்திப்போச்சு.

றாபியா ராத்தாவிட்ட நான் போய்க் கேக்கேல்ல. கேட்டா அந்தப் பிள்ளை நான்தான் எண்டு அவவுக்கும் தெரிஞ்சிடும். நீ சொன்னதை நம்புறன். அந்த நேரம் எல்லாரும் மாஸ்க் போட்டிருந்த காலம், என்னை ஒருதரும் அடையாளம் பிடிச்சிருக்க மாட்டினம் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சு ஆறுதல் பட்டனான்.

பாடிக்காட்டப் போன அண்டைக்கு நீ தனிய நிண்டதை நான் யோசிக்கேல்லத்தான். அதுக்கு முதல் கிழமைதான் நான் பஸ் ஸ்ராண்டில நிண்டனான். பாயை விட்டு எழும்பவே இல்லை. அப்ப உனக்கு அதைச் சொல்லவும் ஏலாமல் கிடந்தது, ஜெனோ உன்ட அண்ணன் எண்டபடியா. ஒரு மாசம் கழிச்சுத்தானே சொன்னனான். அதுக்காக நீ நடுங்கினது இல்லையெண்டு ஆகாது. அது எனக்கு விளங்குது.

அனோஜனைப் பற்றிச் சொல்லுறன். நல்ல மனிசன். கதைக்கிறது குறைவு, ஆனா பாட்டெண்டா உயிர். போன ஞாயிறு அவையின்ட வீட்டை கூப்பிட்டிருந்தவை. மாமி தேத்தண்ணியும் முறுக்கும் கொண்டந்து வைச்சா. அனோஜன் போனை எடுத்து, "அம்மா, இது கிருஷிகாவின்ட கூட்டாளி பாடின அல்பம்" எண்டு போட்டவர். நேரா உன்ட அந்தப் பாட்டுத்தான். அவருக்கு அதுதான் கூடப் பிடிக்குமாம். தேத்தண்ணிக் கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டே தோளை ஆட்டினார். மாமி சிரிச்சு, "பாவம் அந்தப் பெட்டை, என்ன விசர் எண்டாலும் இப்பிடித் தனியப் போய் நிக்கலாமோ?" எண்டா. அனோஜன், "சும்மா பாட்டுத்தானேம்மா" எண்டார். நான் முறுக்கைக் கடிச்சன். சத்தம் பெரிசாக் கேட்ட மாதிரி இருந்தது.

அவருக்குச் சொல்லவேணும் எண்டு நினைக்கிறன். அவர் அந்தப் பாட்டுக்குச் சிரிக்கிறதைப் பார்த்தாப் பிறகு வாய் வருகுதில்லை.

மேடைக்கு அவரும் வாறாராம். நான் சொல்ல முதலே அவர் சொன்னவர், "உன்ட கூட்டாளியெல்லோ, போவம்" எண்டு. நீ பாடமாட்டன் எண்டு எழுதியிருக்கிறாய். அதை நம்பித்தான் நான் வரப்போறன். மிச்ச எட்டையும் கேக்க ஆசையாத்தான் கிடக்கு.

கிருஷி


கொட்டாஞ்சேனை
29.04.2024

கிருஷி,

உன்ட வீட்டுக்கு வந்தனான். நீ இல்லையெண்டு உன்ட அம்மா சொன்னா. யன்னல் சீலை அசைஞ்சதைக் கண்டனான். பரவாயில்லை.

நான் அந்தப் பாட்டைப் பாடக் கூடாதெண்டுதான் மேடைக்கு ஏறினனான். எழுதி வைச்ச பாட்டு வரிசையில அது இல்லை, நீ வேணுமெண்டா முபீனைக் கேள். ஆனா கடைசிப் பாட்டு முடிய ஆரோ பின்னால இருந்து "கழுதை!" எண்டு கத்தினாங்கள். பிறகு முழு மைதானமும். கழுதை, கழுதை எண்டு கை தட்டிக்கொண்டு. எங்கட ஊர்ச் சனம் கிருஷி. நான் சின்னப்பிள்ளையில கோயில் கொயரில பாடேக்க "இவளின்ட குரல் தகரம்" எண்டு சொன்ன அதே சனம். முபீன் எனக்குச் சொல்லாமலே அடியைத் தொடங்கிவிட்டார். நான் உன்னைப் பார்த்தன். மூண்டாம் வரிசையில நீ. உனக்குப் பக்கத்தில இருந்த அனோஜனும் எழும்பி நிண்டு கை தட்டிக்கொண்டு நிண்டார். நான் என்ன செய்ய? மைக்கை வைச்சிட்டு ஓடுறதோ?

பேர் சொன்னது தப்புத்தான். ஆனா அதைக் கெட்ட எண்ணத்தில சொல்லேல்ல. உன்னைக் கண்ட உடனே நெஞ்சு பொங்கிப்போட்டுது. "இந்தப் பாட்டு என்னோட முந்திப் பாடின கிருஷிகாவுக்கு. இது உண்மையா நடந்த கதை" எண்டு வாயில வந்திட்டுது. உனக்குப் பாட்டைக் குடுக்கிறன் எண்டுதான் நினைச்சனே தவிர, உன்ட கதை எண்டு சனம் எடுக்கும் எண்டு நினைக்கேல்ல. அதுகும் பாதிச் சனத்துக்கு என்ன விளங்கினதோ. சத்தத்தில ஒண்டும் கேட்டிருக்காது.

நீ எழும்பிப் போறதைக் கண்டனான். பாட்டை நிப்பாட்டேல்ல. அதையும் சொல்லிப்போடுறன்.

அண்டைக்கு வந்த சனம் இதுவரை ஆருக்கும் வரேல்லையாம். இதை ஏன் உனக்கு எழுதுறன் எண்டு தெரியேல்ல. வேற ஆருக்குச் சொல்லுறது?

பேசு. திட்டு. ஆனா பதில் போடு.

நிறா


பாப்பாமோட்டை
12.05.2024

நிறஞ்சலா,

சத்தத்தில ஒண்டும் கேட்டிருக்காது எண்டாய். எல்லாருக்கும் கேட்டது. எனக்கு முன்னால இருந்த ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தவை. அனோஜன், "ஏய், உனக்குப் பாட்டு!" எண்டு சிரிச்சுக்கொண்டு என்னட்டத் திரும்பினார். என்ட முகத்தைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நிண்டுபோச்சு. மோட்டார் சைக்கிளில பாலம் தாண்டி என்னை வீட்டை கொண்டுவந்தார். வாசலில, "படு, நாளைக்குக் கதைப்பம்" எண்டிட்டுப் போயிட்டார்.

நான் அவருக்கு இன்னும் சொல்லேல்ல, ஆனா அதை எழுத நான் இப்ப இருக்கேல்ல.

நீ பேர் சொன்ன வீடியோ ஃபேஸ்புக்கில போனது. கட்டாருக்கும் போனது. போன வியாழக்கிழமை கந்தோரில இருக்கேக்க தெரியாத நம்பர் ஒண்டில இருந்து கோல். எடுத்தன்.

"கிருஷி, நான் ஜெனோ."

நான் போனைக் காதில இருந்து எடுத்தன்.

"வைச்சிடாத. ஒண்டே ஒண்டு கேக்கிறன். அந்தப் பாட்டில இருக்கிறது உண்மையோ? நீ பஸ் ஸ்ராண்டுக்குப் போனனீயோ?"

எனக்கு விசர் வந்தது. "போகாமல்? நீங்கள்தானே வரேல்ல" எண்டன்.

"உண்மையாப் போனனீயோ?" எண்டு அவர் திருப்பிக் கேட்டார். பிறகு சொன்னார். அண்டைக்கு யாகப்பர் மாமான்ட வள்ளம் எஞ்சின் பழுதாகிக் கடலுக்குள்ள நிண்டதாம். இழுத்து வர இவர்தான் போகவேண்டி வந்ததாம். எனக்குக் கோல் எடுத்தவராம். நான் அப்பா தேடிப் பிடிச்சிடுவார் எண்டு போனை ஓஃப் பண்ணி வீட்டில விட்டிட்டெல்லோ வந்தனான். அதால வேற வழியில்லாமல் உன்னட்டச் சொல்லி அனுப்பினவராம். "பிந்தின பஸ்ஸில போவம், நான் வரும்வரை நில்லு" எண்டு எனக்குச் சொல்லச் சொல்லி.

"திரும்பி வந்து கேட்டன். நிறா சொன்னவள், கிருஷி வரவே இல்லை அண்ணா, வீட்டுச் சம்மதம் இல்லாமல் வரமாட்டாளாம் எண்டு ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டவள் எண்டு" அப்பிடிச் சொன்னார்.

நான் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கதைச்சனான், கந்தோரில ஆக்கள் பார்க்கினம் எண்டு.

"நான் இப்ப வரட்டோ கிருஷி?" எண்டு கேட்டார். "ரிக்கற் போடட்டோ?"

வேண்டாம் எண்டன். ஏன் எண்டார். "அவள் சொன்னதை நம்பினீங்கள். அது போகட்டும், தங்கச்சி. ஆனா ஒருக்கா என்னட்ட வந்து கேட்டிருக்கலாமே ஜெனோ. பாப்பாமோட்டை என்ன கட்டாரோ? பள்ளிமுனையில இருந்து சைக்கிளில வரலாம்." நான்தான் வைச்சனான்.

இப்ப உன்னட்டக் கேக்கிறன். றாபியா ராத்தாவை இழுக்காத. அண்டைக்கு நீ எங்க நிண்டனீ?

கிருஷிகா


கொட்டாஞ்சேனை
02.06.2024

கிருஷி,

மருந்துக்கடைக்குப் பக்கத்தில, நிறுத்தி வைச்ச ஒரு வானுக்குப் பின்னால.

சொல்லத்தான் வந்தனான். சேசுவாணை. அண்ணா கடலுக்கு ஓடுற அவசரத்திலதான் வாயைத் திறந்தவர். அதுக்கு முதல் எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள் ரெண்டு பேரும் என்னட்ட ஒரு சொல்லுச் சொல்லேல்ல. ஒரே குறூப்பில பாடுறம், ஒரே வானில போறம், ஒரே பார்சலைப் பிரிச்சுத் தின்னுறம், என்ட முன்னாலயே ரெண்டு பேரும் ஒரு மாதிரிச் சிரிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறியள். கீபோட் அவர், ரெண்டாம் குரல் நீ. நீங்கள் போனா எனக்கு ஆர்? அடுத்த கிழமை முபீனிட்டப் போக இருந்தது. என்ட வாழ்க்கையில ஒரே ஒரு கதவு திறந்தது, அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் ரெண்டு பேரும் பஸ் ஏறப் பார்த்தனீங்கள். அதை ஒருதரும் கேக்கிறதில்லை.

வழி முழுக்க அழுதுகொண்டு வந்தனான். வந்து பார்க்க, நீ மாஸ்க் போட்டுக்கொண்டு மஞ்சள் சீலையோட நிக்கிறாய். ஒரு நிமிசம் பொறுப்பம் எண்டு வானுக்குப் பின்னால நிண்டனான். அப்பதான் கழுதை வந்தது. நீ பையை இழுத்தாய். அது விடேல்ல. பெடியள் சிரிச்சாங்கள். நானும் சிரிச்சனான் கிருஷி. அந்த நேரம் சிரிப்புத்தான் வந்தது. பிறகு நீ பையை அதிட்டயே விட்டிட்டு, கையைக் கட்டிக்கொண்டு றோட்டைப் பார்த்துக்கொண்டு நிண்டாய். மாஸ்க் நனைஞ்சிருந்தது. அவ்வளவு தூரத்தில இருந்தே எனக்குத் தெரிஞ்சது.

ஒரு அடி எடுத்து வைச்சனான். கொழும்பு பஸ் வெளிக்கிட்டுது. நீ அதைப் பார்த்துக்கொண்டே நிண்டாய். இனிப் போய்ச் சொன்னா, ஏன் இவ்வளவு நேரமும் நிண்டனீ எண்டு கேப்பாய் எண்டு பயமாப் போச்சு. திரும்பி நடந்தனான்.

அண்ணாவுக்குச் சொன்னது அந்தப் பயத்தில வந்த பொய். ஒரு பொய் சொன்னா அதுக்கு மேல எவ்வளவு சொல்லவேண்டி வருமெண்டு எனக்கு அப்ப தெரியாது. பேந்து அவரும் முபீனிட்ட வரேல்ல, நீயும் வரேல்ல. நான் எதுக்காகச் செய்தனோ அதுகும் நடக்கேல்ல. தனியத்தான் போனனான்.

பாட்டில அந்தப் பெட்டை கடைசியில சிரிச்சுக்கொண்டு போறாள் எல்லோ? நான்தான் அந்த இடத்தை அப்பிடி எழுதினது. நடந்த மாதிரிப் பாட எனக்கு ஏலாது.

அண்ணா என்னை ப்ளொக் பண்ணிப்போட்டார். அம்மாவுக்கும் சொல்லியிருக்கிறார். அப்பா போனை வாங்குறாரே இல்லை.

உன்ட கலியாணத்துக்கு வந்து பாடட்டோ? நீ கேக்கிற எந்தப் பாட்டெண்டாலும். அந்தப் பாட்டை இனி எந்த மேடையிலயும் பாடமாட்டன். இதை நீ நம்ப வேணும்.

நிறா


பாப்பாமோட்டை
15.09.2024

நிறஞ்சலா,

உனக்குப் பதில் எழுதுறேல்ல எண்டுதான் இருந்தனான். கலியாணம் முடிஞ்சுது. நடந்ததை உனக்குத் தெரியப்படுத்திப்போட்டு நிப்பாட்டுவம் எண்டு எழுதுறன்.

உன்ட கடிதம் வந்த கிழமை, திருக்கேதீச்சரத்தில பாலாவித் தீர்த்தக் கரையில இருந்து அனோஜனுக்கு எல்லாத்தையும் சொன்னனான். ஜெனோவை, பஸ் ஸ்ராண்டை, கழுதையை, நீ வானுக்குப் பின்னால நிண்டதை. ஒண்டும் விடேல்ல.

"ஏன் எனக்கு முந்திச் சொல்லேல்ல?" எண்டு கேட்டார்.

"நீங்கள் சிரிச்சுக்கொண்டிருந்தீங்கள்" எண்டன்.

எழும்பிப் போய் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில நிண்டார். என்னைக் கொண்டுவந்து வீட்டில விட்டார். அதோட சரி. ஒரு கோல் இல்லை, ஒரு மெசேஜ் இல்லை. அப்பா மண்டபத்துக்குச் சொல்லி, ஆக்களுக்கும் சொல்லத் தொடங்கியிருந்தார். நான் ஒவ்வொரு நாளும் கந்தோருக்குப் போய் வந்தனான், அவையின்ட ஆக்கள் ஆரும் வந்து கலியாணம் வேண்டாமெண்டு சொல்லப்போகினம் எண்டு பார்த்துக்கொண்டு.

வந்தது அவர்தான். முற்றத்தில கதிரையைப் போட்டு இருந்தார். அம்மா தேத்தண்ணி ஊத்த உள்ள போக, சொன்னார்: "அந்தப் பாட்டுக்கு நான் எத்தினை இடத்தில ஆடியிருக்கிறன் எண்டு யோசிச்சுப் பார்த்தன். பள்ளிக்கூடத்து ஸ்போட்ஸ் மீற்றில கூட. நினைக்க நினைக்கக் கூசுது." பிறகு, "ஜெனோஜன் திரும்பி வந்தா?" எண்டார்.

"வேண்டாம் எண்டு அவருக்குச் சொல்லிப்போட்டன். உங்களுக்கும் வேண்டாமெண்டா இப்பவே சொல்லலாம், நான் அப்பாவுக்குச் சொல்லுறன்."

"அதைச் சொல்ல நான் வரேல்ல" எண்டார். தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, மண்டபத்துக் கதிரைக்கு வெள்ளை உறையோ பச்சை உறையோ எண்டு கேட்டார்.

நீ வரக் கூடாதெண்டு நான் பதில் போடாமலே உனக்கு விளங்கியிருக்கும். உன்ட அம்மாவும் யாகப்பர் மாமாவும் வந்தவை. மாமா என்ட தலையில கையை வைச்சார். அவரால அந்த மண்டபத்தில கனநேரம் இருக்க ஏலேல்ல.

தாலி கட்டி, சாப்பாடு முடிஞ்சு, அனோஜன்ட மச்சான் லக்சனும் பெடியளும் சவுண்ட் செற்றுக்காரனோட நிண்டவங்கள். அவங்களுக்கு என்ன தெரியும்? கலியாண வீடெண்டா இப்ப அந்தப் பாட்டு இல்லாமல் இல்லை. அடி தொடங்கின உடனே அந்தப் பாட்டுத்தான் எண்டு விளங்கிப்போச்சு. அனோஜன் கதிரையை விட்டு எழும்பினார், நிப்பாட்டுறதுக்கு. நான் அவரின்ட கையைப் பிடிச்சன்.

"நிப்பாட்டினா ஏன் எண்டு கேப்பினம்" எண்டன்.

"கேக்கட்டும்."

"இல்லை. இண்டைக்கு வேண்டாம்."

அதுக்குள்ள பெட்டையள் வந்து என்னை இழுத்துப்போட்டாளவை. "கலியாணப் பொம்பிளை ஆடவேணும்! பாடினவ பொம்பிளையின்ட கூட்டாளி!" எண்டு. மேடையில உன்ட வாயால என்ட பேரைச் சொன்னதுக்குப் பிறகு நான் அந்தப் பாட்டுக்கு ஆடாமல் இருக்க ஏலுமோ? ஆடாமல் விட்டா அண்டைக்குக் கேட்ட எல்லாருக்கும் விளங்கிடும். அதால போனன். கூறைச் சீலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, கழுத்தில மாலையோட, மாலையைக் கழுதை தின்னுற பாட்டுக்கு ஆடினன். எல்லாரும் கழுதை மாதிரிக் கத்தேக்க நானும் கத்தினன். பெட்டை சிரிச்சுக்கொண்டு பஸ் ஏறுற இடத்தில நானும் சிரிச்சன். மாமி கை தட்டினா. "இவ்வளவு வடிவா ஆடுவாளெண்டு எனக்குத் தெரியாதே" எண்டு பக்கத்தில சொன்னது எனக்குக் கேட்டது.

அனோஜன் ஆடேல்ல. பெடியள் இழுத்தவங்கள், அவர் வரேல்ல. கதிரையிலயும் இருக்கேல்ல. பாட்டு முடியுமட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நிண்டார். அந்த மண்டபத்தில சிரிக்காத ஒரே ஆள் அவர். நான் அழுவனெண்டு நினைச்சிருப்பார் போல. நான் அழேல்ல. முடிஞ்ச உடனே சோடாவைக் கொண்டுவந்து என்ட கையில தந்தார்.

எடி, உன்னில எனக்குக் கோபம் போயிடும். கோபம் எப்பிடியும் போகும். ஆனா பள்ளிமுனையில உன்ட மடியில தலையை வைச்சு நான் அழுதன் எல்லோ? ஏன் ஜெனோ வரேல்ல, ஏன் வரேல்ல எண்டு கேட்டுக் கேட்டு. நீ என்ட தலையைத் தடவித் தடவி, "அவர் கோழையடி, அவரை விடு" எண்டனீ. உனக்கு எல்லாம் தெரிஞ்சிருந்தது. உன்ட கை நடுங்கவும் இல்லை. பாட்டை மறந்தாலும் அந்தக் கையை நான் மறக்கமாட்டன்.

பாடு. எந்த மேடையிலயும் பாடு. பாடமாட்டன் எண்டு இனி எனக்குச் சத்தியம் பண்ணத் தேவையில்லை. கடிதமும் போடாத. வந்தா அனோஜன் என்னட்ட ஒளிக்கமாட்டார், ஆனா நான் உடைக்கமாட்டன்.

ஒண்டு மட்டும். என்ட கலியாணத்தில நான் ஆடினதை உனக்கு நான் சொல்லாட்டியும் ஆரும் சொல்லத்தான் போகினம். அதைப் பாட்டாக்கிப் போடாத. அது என்ட.

கிருஷிகா